டீ கொண்டுவந்த அக்காவும் 2013 சட்டமும்

(பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை வாசிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. கவிதை கொண்டுவரல. மூணு நாலு வருசமா ஒரு விசயத்தக் கவிதையா எழுதிப் பாக்கறேன், வரமாட்டேங்குது. அதனால அதைப் பேச்சாவே சொல்லிடறேன். வரிசையா சொல்ல வராது, பொறுத்துக்கங்க.

நான் ஒரு வங்கியில் எழுத்தர். கேஷ் கவுண்டர். வருசத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் கட்டாயப் பயிற்சிகள் உண்டு. கள்ளநோட்டு கண்டுபிடிப்பது, தீயணைப்புக் கருவியைத் திறப்பது, அப்புறம் வேலையிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது. இதெல்லாம் ஒரே பட்டியலில் வரும். கம்ப்யூட்டரில் படம் ஓடும். ‘அடுத்து’, ‘அடுத்து’ன்னு அமுக்கினா கடைசியில் இருபது கேள்வி. பாஸானால் சான்றிதழ் அச்சாகி வரும். பக்கத்துக் கவுண்டர்காரருக்கு நேரமில்லை, "மேடம், எனக்கும் சேத்து எழுதிடுங்க"ன்னார். எழுதிக் கொடுத்தேன். அவருக்கு 90, எனக்கு 85. பெண்களிடம் எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதில் அவர் என்னைவிட அஞ்சு மார்க் அதிகம் தெரிந்தவர் என்று வங்கியின் கணக்கில் இன்றைக்கும் இருக்கிறது. சிரிக்காதீங்க, அந்த 85 மார்க்கைப் பத்திதான் இன்னிக்கு நான் பேசப்போறதே.

ஒரு வருசம் நேரடி வகுப்பு வைத்தார்கள். பெரிய ஹால், ஏசி. வெளியிலிருந்து பயிற்சியாளர் வந்திருந்தார். திரையில் படங்கள். படத்தில் வரும் பெண்கள் எல்லாரும் கோட்டுப் போட்டவங்க, வெள்ளைத் தோல். துன்புறுத்துறவனும் டை கட்டியிருக்கிறான். இடம் கண்ணாடிக் கட்டடத்துக் கணினி அலுவலகம். ஆண்கள் வரிசையில் ஒருத்தர், "இனிமே குட்மார்னிங் சொல்லவும் வக்கீல் வெச்சிக்கணுமா சார்?" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க, பயிற்சியாளரும் சிரிச்சார். அப்புறம் பொய்ப் புகாரைப் பத்தி அரைமணி நேரம் ஓடியது. 14ஆம் பிரிவு, வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தோடு பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: புகாரை நிரூபிக்க முடியவில்லை, போதிய சான்று இல்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. அந்த வரி திரையில் வரவில்லை. பெண்களைப் பயமுறுத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் வந்தது.

அடுத்த படத்தில் ‘விசாகா வழக்கு, 1997’ என்று இருந்தது. கை தூக்கி, "சார், விசாகான்னா யாரு?"ன்னு கேட்டேன். "பாதிக்கப்பட்ட பொண்ணும்மா" என்றார்.

தோழர்களே, விசாகா என்பது வழக்குப் போட்ட ஒரு பெண்கள் அமைப்பின் பெயர். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் பன்வாரி தேவி. தன் பெயரை அவர் ஒளிக்கவில்லை, ஊரறிய நின்று பேசினார். ராஜஸ்தானில் பட்டேரி என்கிற கிராமம். அரசாங்கத்தின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் ‘சாத்தின்’ என்கிற கிராம ஊழியர். குயவர் சாதி. நம்ம ஆட்கள் பலபேர் அவரைத் தலித் என்றே எழுதிவிடுகிறார்கள். சட்டக் கணக்கில் அவர் பிற்பட்ட வகுப்பு. ஆனால் அந்த ஊரின் படிக்கட்டில் அவர் எந்தப் படியில் நின்றார் என்பது அவருக்கு நடந்ததிலிருந்தே தெரியும்.

பன்வாரிக்கும் பயிற்சி கொடுத்தாங்க, இதை நீங்க கவனிக்கணும். குழந்தைத் திருமணம் தப்பு, நடந்தால் தடு என்று அரசாங்கமே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. பயிற்சியை நெசம்னு நம்புன பொம்பள அவங்க. 1992இல் ஊரின் ஆதிக்க சாதிக் குடும்பத்தில், ஒன்பது மாதக் குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க, அந்த வருசம் செப்டம்பர் 22ஆம் தேதி, வயலில் புருசனோடு வேலை செய்துகொண்டிருந்தவரை ஐந்து பேர் தாக்கினார்கள். புருசனை அடித்துப் பிடித்துவைத்துக்கொண்டு, வல்லுறவு செய்தார்கள் என்பது அவர் புகார். மருத்துவப் பரிசோதனையே ரெண்டு நாளைக்கு மேல் தள்ளிப்போனது. 1995 நவம்பரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்கிற மாதிரியான நியாயம் அந்தத் தீர்ப்பில் இருந்ததாகத்தான் நாடே பேசியது. எந்தச் சேரியில் போய்க் கேட்டாலும் காறித் துப்புவாங்க. குடிக்கிற தண்ணிக்குத் தீட்டு உண்டு, ராத்திரியில் தீட்டு கெடையாதுங்கறது நம்ம ஆயாக்களுக்கெல்லாம் தெரிஞ்ச சமாச்சாரம். மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தில் கிடந்தது. சம்பவம் நடந்து 15 வருசம் கழித்து 2007இல் பார்த்தால் ஒரே ஒரு தடவைதான் விசாரணைக்கு வந்திருந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ரெண்டு பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள்.

வேலை செய்யப் போன இடத்தில், வேலையைச் செய்ததற்காக நடந்த கொடுமை இது, வேலை கொடுத்தவனுக்குப் பொறுப்பில்லையா என்ற கேள்வியோடுதான் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் போனார்கள். 1997 ஆகஸ்டு 13ஆம் தேதி விசாகா நெறிமுறைகள் வந்தன. அது சட்டமாவதற்கு மேலும் 16 வருசம். 2013இல் சட்டம், அந்த வருசம் டிசம்பர் 9 முதல் நடைமுறை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள்குழு இருக்கணும், பெண் தலைவர், பாதிக்குப் பாதி பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தணும் என்று 19ஆம் பிரிவு. நான் எழுதிய அந்த இருபது கேள்வி இந்த 19ஆம் பிரிவிலிருந்துதான் வந்தது. வயல்காட்டில் அடிபட்ட ஒரு குயவப் பெண்ணிடமிருந்து கிளம்பி ஏசி ஹாலுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் பெயர் போச்சு, சாதி போச்சு, அவள் செஞ்ச வேலையும் போச்சு. கோட்டுப் போட்ட படம் மட்டும் மிச்சம்.

இதை அன்றைக்கு எழுந்து சொன்னேனா? பாதி சொன்னேன். "டைம் ஆச்சும்மா, டீ பிரேக்" என்றார்கள்.

டீ கொண்டுவந்தது எங்க கிளையில் பெருக்குற அக்கா. ஆள் பத்தலைன்னு அன்றைக்கு ஹாலுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அக்கா நம்ம தெரு. ஆள் முன்னாடி என்னை ‘மேடம்’ என்பாங்க. யாருமில்லாட்டி ‘கண்ணு’. வங்கி அவங்களுக்கு நேரடியாச் சம்பளம் கொடுக்கறதில்ல. ஒரு காண்டிராக்டர், அவனுக்குக் கீழே ஒரு மேஸ்திரி. மேஸ்திரி மாசாமாசம் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம். ட்ரேயை வைத்துவிட்டு அக்கா திரையைப் பார்த்தாங்க. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாங்க. ஒருத்தர் "சர்க்கரை இல்லாதது எது?"ன்னு கேட்டார், திரும்பிட்டாங்க.

அது நடந்து ரெண்டு வாரத்தில், சாயந்திரம் கணக்கு முடிச்சுக் கிளம்பும்போது, அக்கா லாக்கர் ரூம் பக்கத்திலிருந்து கூப்பிட்டாங்க.

"கண்ணு, அன்னிக்கி சினிமா மாரி காமிச்சாங்களே, அது இன்னாது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க. மேஸ்திரி பி.எஃப். பாரத்துல கையெழுத்துன்னு கூப்பிடறான். சம்பளத்த கையில குடுக்கச்சொல்ல கைய விட மாட்டேங்கறான். "வேணாம் சார்"ன்னதுக்கு, சாதிப் பேரச் சொல்லி, "உங்காளுங்களுக்கு இதெல்லாம் புதுசாடி"ன்னு கேட்டிருக்கான்.

தோழர்களே, ‘பாலியல் துன்புறுத்தல்’ என்ற சொல் அக்காவிடம் இல்லை. "அந்தாளு ஒரு மாரி கைய வெச்சிகினு கெடக்கறான்" என்பதுதான் அவங்க சொன்னது. சட்டம் சொல்லும் ஐந்து வகையில் முதல் வகையே அதுதான்: விரும்பப்படாத உடல் தொடுதல்.

நான் என்ன செய்தேன்? என்னிடம் 85 மார்க் சான்றிதழ் இருந்தது. "அக்கா, குழு எங்களுக்குத்தான், பேங்க் ஸ்டாஃபுக்கு. நீங்க காண்டிராக்டு. விசாரிச்சு சொல்றேன்"ன்னேன். நெசமாவே அப்படித்தான் நினைச்சேன். பயிற்சியில் வந்த ‘ஊழியர்’ எல்லாம் எங்களை மாதிரி அடையாள அட்டை மாட்டியவங்கதானே! சங்கத்துத் தோழர் ஒருத்தரைக் கேட்டேன், "அவங்க நம்ம மெம்பர் இல்லையே தோழர்" என்றார். மேனேஜரிடம் பொதுவாகக் கேட்டேன், "அது ஏஜென்சி பாத்துக்கும்" என்றார். குழுவில் இருக்கும் அம்மாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று அக்காவையே கேட்டேன்.

"அந்தம்மாவா? நான் ரொப்பி வெக்கிற தண்ணியக் குடிக்காம வூட்லேர்ந்து பாட்டில் கொணாராங்களே, அவங்க கிட்ட போயி நான் என் ஒடம்பப் பத்தி இன்னா கண்ணு சொல்றது?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்று சட்டம் கணக்குப் போட்டிருக்கிறது. எந்தப் பெண்கள் என்று போடவில்லை.

விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன்னு நாள் போச்சு. புகார் கொடுக்க மூணு மாசம் கெடு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். அதுவும் போச்சு. அக்கா வேலையை விட்டாங்க. இப்போ ரெண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கறாங்க. என்மேல கோவம் இல்லை, பாத்தா "நல்லா கீறியா கண்ணு"ன்னு கேக்கறாங்க. அவங்க கிட்ட அனுமதி கேட்டுத்தான் இதை இங்க பேசறேன். "பேரு போடாத, ஊரு போடாத, அவன் பண்ணத போடு" என்றாங்க.

அவங்க போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். பட்டதாரிதானே, முன்னாடியே படிச்சிருக்கலாம். 2ஆம் பிரிவு, ‘எஃப்’ உட்பிரிவு. ஊழியர் என்றால் யார்? நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, நேரடியாகவோ ஒரு முகவர் மூலமாகவோ வந்தவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் அதில் அடக்கம். முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். இன்னும் மேலே, ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்ற விளக்கத்தில், அவள் அங்கே வேலை பார்க்கிறவளாகவே இருக்கவேண்டியதில்லை. பணம் எடுக்க வந்த கிழவிக்கும் பொருந்தும். எழுத முடியாதவருக்குப் புகாரை எழுதிக்கொடுக்க உதவ வேண்டியது குழுவின் கடமை என்று 9ஆம் பிரிவு. அக்காவுக்காக எழுதிவைத்த மாதிரி ஒவ்வொரு வரியும். படிச்சிட்டு அன்னிக்கு நான் சோறு திங்கல.

இந்தச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கான விளக்கத்தில் தேடினேன், சாதி என்ற சொல் கிடையாது. மேஸ்திரி கையைப் பிடித்தது ஒரு சட்டம், சாதிப் பேரைச் சொன்னது இன்னொரு சட்டம் என்று பிரித்துப்போட்டுவிடுகிறார்கள். அக்காவுக்கு அது ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து, ஒரே கையோடு வந்தது. பிரிக்கிற கத்தி ஆபீஸ்காரன் கையில்தான் இருக்கிறது. "சாதி சமாச்சாரமெல்லாம் இங்க வேணாம்மா, அது வேற டிபார்ட்மென்ட்" என்று எத்தனை குழுக்களில் சொல்லியிருப்பார்கள்! வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்று தெரிந்தே, அவள் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதும், பாலியல் தன்மையுள்ள சொல்லும் சைகையும் அதில் குற்றம். 2013 சட்டத்தின் 19ஆம் பிரிவிலேயே, அதாவது பயிற்சி நடத்தச் சொல்கிற அதே பிரிவிலேயே, அந்தப் பெண் வேறு சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவதும் வேலையளிப்பவர் கடமை என்று இருக்கிறது. ரெண்டு வரி தள்ளி இருக்கிற கடமை! பயிற்சியாளர் கண்ணுக்கு முதல் வரிதான் தெரியுது, அதுக்குத்தான் பில் போட முடியும்.

வேற மாதிரி பயிற்சி சாத்தியமே இல்லையா என்று கேட்பீங்க. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம், ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அங்கேயும் சட்டம் இருந்தது. அதற்கப்புறம் தலித் பெண்கள் முன்நின்று நடத்துகிற தொழிலாளர் சங்கமான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அன்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்பதைப் போடவைத்தது. ஆலை நிர்வாகமும், துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியும் கையெழுத்துப் போட்டாக வேண்டி வந்தது. அதில் பாலினத்தோடு சாதியும் பேர் சொல்லி இடம்பெற்றது. தையல் மிசினில் உட்காரும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து மிசின்காரியிடம் சொல்வதும், வீட்டுத் தண்ணி பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் சொல்வதும் ஒன்றா? ஆனா ஒரு பொண்ணு சாகவேண்டியிருந்தது அதுக்கு.

இன்னும் ஒண்ணு. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் இடத்துக்கும், முதலாளியே புகாருக்கு ஆளானாலும், மாவட்டத்துக்கொரு உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுதான். இப்போ அக்கா பாத்திரம் தேய்க்கிற வீட்டுக்கும் சட்டம் பொருந்தும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்க, சமூகநல அலுவலகத்தில் கேளுங்க, நம்ம தெருப் பொம்பளைங்க எத்தனை பேருக்கு அந்தக் குழுவின் விலாசம் தெரியும்னும் கேளுங்க.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. இயக்கத்து ஆண் தோழர்கள் எழுந்து போகாமல் இருக்கணும்.

அரசியல் கட்சிகளில் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, அதனால் உள்குழு கட்டாயமில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் சொன்னது. நமக்கு அது சௌகரியமாப் போச்சு. நம்ம கூட்டங்களுக்கு ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்த பொண்ணுங்க திடீர்னு வராமப் போறாங்களே, "கல்யாணம் ஆயிருக்கும்"ன்னு நாமே காரணம் சொல்லிக்கறோமே, எவனாவது போய் ஏம்மா வரலைன்னு கேட்டிருக்கோமா? ராத்திரி கூட்டம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிடறேன்னு வந்த தோழர் என்ன பேசினார்னு எனக்கும் சொல்லத் தெரியும். வெளிய சொன்னா சாதிக்காரன் சிரிப்பான், இயக்கத்துக்குக் கெட்ட பேருன்னு வாய மூடவெச்சாங்க, நானும் மூடிக்கிட்டேன். ஊர்க்காரன் ‘குடும்ப மானம்’னு சொல்றதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நாமே ஒரு குழு போடலாம். பெண்கள் மட்டும் முடிவு செய்யட்டும். இந்தக் கூட்டத்திலேயே பேசி முடிக்கணும்னு கேட்டுக்கறேன். தீர்மானத்தில் எழுத்தா வரணும்.

(கூட்டத்திலிருந்து ஒருவர்: "தோழர், இதைத் தனியாப் பேசலாமே.")

தனியாப் பேசிப் பேசித்தான் தோழர் இவ்வளவு நாள் ஆச்சு.

முடிச்சிடறேன். போன தடவை எங்க கிளையிலேயே வகுப்பு வைத்தார்கள். முந்தின நாளே மேனேஜரிடம், பெருக்குற அம்மா, கழிவறை சுத்தம் செய்யுற அம்மா, ஏ.டி.எம். வாசலில் நிக்கிற காவலாளி எல்லாரும் உட்காரணும்னேன். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையேம்மா" என்றார். ரெண்டாம் பிரிவு, எஃப், அச்செடுத்து வைத்திருந்தேன். படிச்சுக் காட்டினேன். மூணு தடவை படித்தார். நாற்காலி பத்தலைன்னார். கவுண்டர்லேர்ந்து என் நாற்காலியத் தூக்கிட்டு வந்து போட்டேன். கழிவறை சுத்தம் செய்யுற அம்மா உக்கார மாட்டேன்னு நின்னாங்க. கையப் பிடிச்சு உக்காரவெச்சேன்.

பயிற்சியாளர் முடிக்கும்போது, "எனி டவுட்ஸ்?" என்றார். எங்க ஆளுங்க எல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா எழுந்து நின்னு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாங்க:

"எல்லாம் சரி சார். இத எங்க மேஸ்திரிக்கு எப்போ சொல்லுவீங்க?"

பயிற்சியாளர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். மேஸ்திரியின் பெயரும் போன் நம்பரும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த வகுப்பு மார்ச்சில். அவன் வந்து உட்கார்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.